கார் கூரையில் ஒரு சாண் கம்பி

காரில் ரேடியோ கரகரக்கத் தொடங்கினால் பெரும்பாலோர் ஸ்டீரியோவைத்தான் முதலில் சந்தேகிக்கிறார்கள். அடுத்து நிலையத்தையே குறை சொல்கிறார்கள். கூரையின் மேல் நிற்கும் ஆன்டெனா கம்பி யாருடைய நினைவுக்கும் வருவதில்லை. ஆனால் ரேடியோவின் பாகங்களில் வெயிலும் மழையும் நேரடியாகப் படுவது அதன் மேல்தான். மரக்கிளை உரசுவதும், ஷட்டர் இடிப்பதும், கார் கவரை இழுக்கும்போது வளைவதும், வாட்டர் வாஷ் பிரஷ் முறுக்குவதும் அந்தக் கம்பியைத்தான். பழுதாக அதிக வாய்ப்புள்ள அந்தப் பாகமே மாற்றுவதற்கு மிக எளிதானதும்கூட. காரின் சொந்தக்காரர் தன் கையாலேயே அதை மாற்றிவிடலாம். மாற்றவும் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்குக் கைத்திறனைவிட, எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது என்ற வரிசை தெரிந்திருப்பது முக்கியம். அந்த வரிசை தெரியாததால் நல்ல ஸ்டீரியோக்கள் தூக்கியெறியப்படுகின்றன. பிரிக்கத் தேவையில்லாத கூரை லைனிங்குகள் பிரிக்கப்பட்டு மடிப்பு விழுந்து கெடுகின்றன.

கம்பி என்ன செய்கிறது என்று தெரிந்தால் மற்றது எளிது. எஃப்.எம். ஒலிபரப்பு 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் நடக்கிறது. 100 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கான 75 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கம்பி நின்றால் அந்த அலையை நன்றாக வாங்கும். பழைய கார்களின் மட்கார்டில் இழுத்து நீட்டும் அடுக்குக் கம்பி அவ்வளவு உயரமாக இருந்ததன் காரணம் அதுதான். இப்போதைய கூரைக் கம்பி பெரும்பாலும் 20 முதல் 40 சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. குறைந்த உயரத்தை ஈடுகட்ட, ஒரு ஃபைபர் குச்சியின் மேல் மெல்லிய கம்பியைச் சுருளாகச் சுற்றி, அதற்கு மேல் ரப்பர் உறை போடுகிறார்கள். பல கார்களில் அடியிலுள்ள பேஸுக்குள் ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயரும் இருக்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கம்பி தனியாக வேலை செய்வதில்லை. அதன் அடியில் விரிந்திருக்கும் கூரைத் தகடுதான் ஆன்டெனாவின் மறுபாதி. பேஸின் உலோகம் அந்தத் தகட்டை இறுகத் தொடாமல் துருவோ பெயின்டோ குறுக்கே வந்தால், புத்தம் புதுக் கம்பி போட்டாலும் இரைச்சல் போகாது. ரப்பர் உறை முழுதாக இருப்பதால் கம்பி நன்றாக இருக்கிறது என்றும் நினைத்துவிட முடியாது. உள்ளே சுருள் அறுந்திருக்கலாம்.

இந்தப் பழுது நெடுநாள் கண்ணில் படாமல் இருப்பதற்கு எஃப்.எம்.மின் இயல்பே காரணம். வரும் அலை ஓரளவு பலமாக இருக்கும்வரை ஒலி தெளிவாகவே கேட்கும். அந்த அளவுக்குக் கீழே போனதும் சட்டென்று இரைச்சலில் மூழ்கும். நகரத்துக்குள், ஒலிபரப்புக் கோபுரத்துக்கு அருகில், கம்பியே இல்லாமல்கூடப் பாட்டுக் கேட்கலாம். ஆகவே உள்ளூர் நிலையம் நன்றாக வருகிறது என்பது ஆன்டெனா நன்றாக இருப்பதற்குச் சான்றாகாது. தொலைவிலிருந்து வரும் நிலையத்தை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். தென் மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு அதற்கு வாகாக 100.5-இல் கொடைக்கானல் பண்பலை இருக்கிறது. மலை உச்சியிலிருந்து வருவதால் அது வெகு தூரம் கேட்கும். அதே சாலையில் முன்பு தெளிவாகக் கேட்ட இடத்தில் இப்போது அது விட்டுவிட்டு வந்தால், குறை காரில் இருக்கிறது என்று சந்தேகிக்க நியாயமுண்டு.

அப்போதும் உடனே கம்பியைக் கழற்ற வேண்டியதில்லை. முதலில் காருக்குள் செருகியிருப்பதையெல்லாம் பிடுங்குங்கள். மலிவான மொபைல் சார்ஜர், டேஷ் கேமரா, பின்னால் மாட்டிய எல்.இ.டி. விளக்கு எல்லாம் எஃப்.எம். அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பக்கூடியவை. அடுத்து நினைத்துப் பார்க்க வேண்டியது, கரகரப்பு எப்போது தொடங்கியது என்பது. வெளிக்கடையில் புது ஸ்டீரியோ மாற்றிய நாளிலிருந்துதான் என்றால், கூரைக் கம்பியைத் தொடவே வேண்டாம். பேஸிலுள்ள ஆம்ப்ளிஃபயருக்கு 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். பல கார்களில் அது ஸ்டீரியோவின் பின்னாலிருக்கும் நீல நிற ஒயர் வழியாகப் போகிறது. புது செட் பொருத்துபவர் அந்த ஒயரை இணைக்காமல் டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டால் ஆம்ப்ளிஃபயர் தூங்கிவிடும். அது தூங்கினால், இல்லாமலே இருப்பதைவிட மோசம்: வருகிற கொஞ்ச அலையையும் அதுவே தடுத்துவிடும். ஐரோப்பிய நிறுவனங்களின் பல கார்களில் மின்சாரம் ஆன்டெனா கேபிளுக்குள்ளேயே போகிறது. அவற்றில் வெளி செட் போட, அதற்கென்று கிடைக்கும் அடாப்டரை இடையில் மாட்ட வேண்டும். ஒரு சிறிய இணைப்பு விட்டுப்போனதற்காக முழு ஆன்டெனாவையும் மாற்றிய பிறகும் அதே கரகரப்புக் கேட்பது எவ்வளவு வீண்!

இவை இரண்டும் காரணமில்லை என்றால், அதே மாடல் கார் வைத்திருப்பவரிடம் கம்பியைச் சற்று நேரம் இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பது செலவில்லாத, நம்பகமான சோதனை. தெளிவாகக் கேட்டால் முடிவு தெரிந்துவிட்டது. கம்பியை இடப்பக்கம் சுற்றினால் கழன்று வரும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் மரையில் களிம்பேறிப் பிடித்திருக்கும். அப்போது குறடு போட்டு முறுக்கினால் திருகு ஒடிந்து பாதி பேஸுக்குள்ளேயே நின்றுவிடும். துரு இளக்கும் ஸ்பிரேயைக் கொஞ்சம் அடித்து, சில மணி நேரம் விட்டு, துணி சுற்றிக் கையால் திருகுவதே நல்லது. புதுக் கம்பி வாங்கும்போது பழையதைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். மரை அளவு பெரும்பாலும் 5 மில்லிமீட்டர், சிலவற்றில் 6. எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் கம்பிகளோடு இரண்டு மூன்று அளவுத் திருகுகள் வரும். தவறானதை வலிந்து திருகினால் பேஸின் மரை அழிந்துவிடும். தேவைக்கு மேல் நீளமான திருகு உள்ளே போய் ஆம்ப்ளிஃபயர் பலகையில் முட்டலாம். மாட்டுவதற்கு முன் துளையைப் பழைய பல்துலக்கியால் துடைத்து உலர விடுங்கள். கை இறுக்கமே போதும், ஸ்பேனர் கூடாது.

இந்த இடத்தில் அழகுக்காக வாதாடுபவர்கள் குறுக்கிடுவார்கள். விரல் நீளக் கம்பியோ சுறாத் துடுப்பு வடிவ மூடியோ போட்டால் கார் நவீனமாகத் தெரியும், ரேடியோவும் கேட்கும், பின் ஏன் நீளம் என்பார்கள். துடுப்பு ஆன்டெனாவோடு தொழிற்சாலையிலிருந்து வரும் கார்களில் அதற்கென்றே வடிவமைத்த ஆம்ப்ளிஃபயர் உண்டு, சிலவற்றில் எஃப்.எம். அலையை வாங்குவது பின் கண்ணாடியிலுள்ள மெல்லிய கோடுகள், துடுப்புக்குள் இருப்பது வழிகாட்டிக்கும் போனுக்குமான ஆன்டெனா மட்டுமே. அந்த ஏற்பாடு எதுவும் இல்லாத காரின் மேல் இருபக்க டேப்பில் ஒட்டும் துடுப்பு, இருந்த நீளத்தையும் குறைப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாது. மீடியம் வேவ் கேட்பவர்களுக்கு இழப்பு இன்னும் கூடுதல். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 417 மீட்டர். அதற்கு முன் எந்தக் கார் கம்பியும் மிகச் சிறியதுதான், ஆகவே குறைகிற ஒவ்வொரு சென்டிமீட்டரும் கணக்கில் வரும்.

போனில் பாட்டு இருக்கும்போது ரேடியோ எதற்கு என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். 1977-இல் நாட்டின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பைக் கேட்ட சென்னையே, 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2016 டிசம்பரில் வர்தா புயலிலும் மின்சாரமும் மொபைல் இணைப்பும் இல்லாமல் தவித்தது. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது டெல்டா மாவட்டங்களுக்கும் அதே நிலை. அந்த மாதிரி இரவில் வீட்டு வாசலில் நிற்கும் கார், சொந்த பேட்டரியில் ஓடும் ஒரு ரேடியோ. எங்கோ தொலைவிலிருந்து வரும் செய்தியை அதில் கேட்க முடியுமா என்பதைக் கூரைக் கம்பிதான் தீர்மானிக்கிறது. சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் பொருளை நல்ல நிலையில் வைத்திருக்க இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

வாரன்டி போய்விடும் என்று அஞ்சுபவர்களும் உண்டு. தானியங்கி வாஷுக்குள் காரை விடும் முன் கம்பியைக் கழற்றச் சொல்வது பல கார்களோடு வரும் கையேடே. கம்பியைப் பொறுத்தவரை இந்த அச்சத்துக்கு இடமில்லை. பேஸும் கேபிளும் வேறு விஷயம். அங்கே அச்சம் நியாயமானது. பேஸின் நட்டு கூரைக்கு உள்ளே இருக்கிறது. சில கார்களில் உள்விளக்கைக் கழற்றினாலே கை எட்டும், மற்றவற்றில் லைனிங்கை இறக்க வேண்டும். பக்கவாட்டுக் கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில் அது கூரையின் ஓரம் நெடுக, தூண் மூடிகளுக்குப் பின்னால் மடித்து வைக்கப்பட்டிருக்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திராமல் அந்த மூடிகளைத் தொடக்கூடாது. அனுபவமில்லாதவர் இந்த வேலையை ஒர்க்‌ஷாப்பில் விடுவதே சரி. அப்படி விட்டாலும் சிலவற்றைக் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். துளையைச் சுற்றிய துருவைச் சுரண்டினார்களா? பேஸ் தகட்டை நேராகத் தொடுகிறதா? வெயிலில் கெட்டித்துப்போன கேஸ்கெட்டை மாற்றினார்களா, அல்லது புளிப்பு வாடை வீசும் சிலிக்கானை அப்பிவிட்டார்களா? அந்த வகைச் சிலிக்கான் உலரும்போது வெளியேறும் அமிலம் தகட்டை அரிக்கும். கூரைத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாதது, எனவே நட்டை மிகையாக இறுக்கினால் குழி விழும். லைனிங்கை மூடும் முன் மேலே ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, உள்ளே விரல் வைத்து ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கசிந்தால் அப்போதே தெரிந்துவிடும், ஐப்பசி மழை வரை காத்திருக்க வேண்டாம்.