நாயின் இருதய நோயும் சிகிச்சை நெறிமுறையும்

நம் நாட்டுக் கால்நடை ஆராய்ச்சி வரலாற்றில் புனே நகருக்குத் தனி இடம் உண்டு. இன்றைய இந்தியக் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிலையம், 1889-இல் அந்நகரில்தான் ஒரு சிறு ஆய்வுக்கூடமாகத் தோன்றியது. 1893-இல் முக்தேசுவருக்கு மாற்றப்பெற்றது. மந்தை மந்தையாக மாடுகளை மாய்த்த வெக்கை நோய் போன்றவற்றை ஆராய்வதே அதன் முதற்பணி. அந்நோய் உலகினின்றே ஒழிந்ததென 2011-இல் அறிவிக்கப்பட்டது. இன்று நகரத்து மருத்துவரிடம் வருவது மந்தையன்று. வீட்டார் தூக்கிவரும் ஒரு முதிய நாய். இரவெல்லாம் இருமுகிறது என்பது அவர்கள் முறையீடு.

சிறிய இன நாய்களுக்கு முதுமையில், இருதயத்தின் இடப்புறத்து வால்வு தடித்துச் சுருங்குவதுண்டு. வால்வு சரிவர மூடாமையால் இரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. அவ்வோசையே ஸ்டெதாஸ்கோப்பில் முணுமுணுப்பாகக் கேட்கிறது. ஓசை கேட்டவுடன் மருந்து கொடுக்கலாமா? இவ்வினாவுக்கு விடை கூறுவதே நெறிமுறையின் பயன்.

அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரி 2009-இல் வெளியிட்டு, 2019-இல் திருத்திய நெறிமுறை இந்நோயைப் படிகளாக வகுக்கிறது. நோய் வரக்கூடிய இனத்து நாய் ‘ஏ’ படி. முணுமுணுப்பு இருந்தும் இருதயம் குறிப்பிட்ட அளவுக்குப் பெருக்காதது ‘பி-1’. இதற்கு மருந்து வேண்டுவதில்லை, காலமுறைப் பரிசோதனை போதும். இருதயம் அவ்வளவுக்குப் பெருத்தும் நோய்க்குறி தோன்றாதது ‘பி-2’. நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறுவது ‘சி’. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காதது ‘டி’.

‘பி-2’ படியே கவனத்திற்குரியது. 360 நாய்களைக் கொண்டு நடத்தி 2016-இல் வெளியிடப்பெற்ற ஆய்வில், இப்படியில் பிமோபென்டான் மருந்து பெற்ற நாய்களுக்கு இருதயச் செயலிழப்போ அதனால் நேரும் மரணமோ ஏறத்தாழ 15 மாதங்கள் தள்ளிப்போயின. முந்தியும் பிந்தியும் கொடாமல் உரிய படியில் கொடுப்பதே முறை.

படியை அறிய எக்கோ பரிசோதனை சிறந்தது. அவ்வசதியில்லாத ஊர்களில், மார்பு எக்ஸ்ரே படத்தில் இருதயத்தின் நீள அகலங்களை முதுகெலும்புக் கணுக்களோடு ஒப்பிட்டு அளக்கலாம். கூட்டுத்தொகை 11.5 கணுக்களோ அதற்கு மேலோ இருப்பின், அதனையே பெருக்கத்தின் சான்றாகக் கொள்ள நெறிமுறை இடந்தருகிறது.

வீட்டார்க்கும் ஒரு பணி உண்டு. நாய் அயர்ந்து உறங்குகையில் மார்பு ஏறி இறங்குவதை ஒரு மூச்சாகக் கொண்டு, ஒரு நிமிடம் எண்ணவேண்டும். எண்ணிக்கை அடிக்கடி 30-ஐத் தாண்டுமாயின் தாமதமின்றி மருத்துவரிடம் காட்டவேண்டும். பள்ளிச் சிறுவரும் செய்யத்தக்க இவ்வெளிய கணக்கு, நுரையீரலில் நீர் கோப்பதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

எனினும், இருமும் நாய்க்கெல்லாம் இருதய நோய் என்று துணிதல் கூடாது. மூச்சுக்குழல் நலிவினாலும் இருமல் வரும். நெறிமுறை வழிகாட்டியேயன்றி, நாயைத் தொட்டுப் பார்த்துத் தேரும் மருத்துவரின் அறிவுக்கு மாற்றாகாது.