பழைய வெகுமதிக் கடன் அட்டைகளை வங்கிகள் விலக்கும் முறை

வெகுமதிக் கடன் அட்டை என்பது, செலவிடும் தொகைக்கு ஏற்பப் புள்ளிகள், விமான மைல்கள் அல்லது பணத் தள்ளுபடி வழங்கும் கடன் அட்டை ஆகும். வங்கிகள் இத்தகைய அட்டைகளை அவ்வப்போது விலக்கிவிட்டு, வேறு பெயரிலும் வேறு விதிகளிலும் புதிய அட்டைகளைக் கொண்டுவருகின்றன. அப்போது பழைய அட்டையில் சேர்ந்த புள்ளிகள் எந்த மதிப்பில், எவ்வளவு காலம் நிலைக்கும் என்பது வாடிக்கையாளருக்கு முக்கியமான கேள்வியாகிறது.

காரணங்கள்

கடன் அட்டையால் பணம் பெறும் கடைக்காரர், விற்பனைத் தொகையில் ஒரு சிறு பங்கைக் கட்டணமாகச் செலுத்துகிறார். அதில் ஒரு பகுதி அட்டை வழங்கிய வங்கிக்குச் செல்கிறது. இந்த வருவாய், ஆண்டுக் கட்டணம், வட்டி ஆகியவற்றைக் கொண்டே வெகுமதிச் செலவு ஈடுகட்டப்படுகிறது. அட்டை அறிமுகமானபோது போட்ட கணக்கு சில ஆண்டுகளில் பொருந்தாமல் போகலாம். அதிகப் புள்ளி கிடைக்கும் செலவுகளுக்கு மட்டும் அட்டையைப் பயன்படுத்தி, மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்டிவிடுபவரால் வங்கிக்குக் கிடைக்கும் லாபம் குறைவு. செலவழிக்கப்படாத புள்ளிகளும் வங்கியின் கணக்கில் ஒரு பொறுப்பாக நிற்கின்றன. கூட்டு நிறுவனத்துடனான ஒப்பந்தம் முடிவதும், வங்கியின் தொழில் கைமாறுவதும் பிற காரணங்கள்.

படிநிலைகள்

விலக்கல் பெரும்பாலும் படிப்படியாக நடக்கிறது.

1. புதிய விண்ணப்பங்கள் நிறுத்தப்படும். ஏற்கெனவே அட்டை வைத்திருப்பவர்கள் தொடரலாம்.
2. சலுகைகள் குறைக்கப்படும். ஒரு புள்ளியின் மதிப்பு 25 காசிலிருந்து 20 காசாகக் குறைந்தால், 10,000 புள்ளிகளின் மதிப்பு 2,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாகிவிடும். புள்ளிகளின் எண்ணிக்கை மாறாததால் இந்த இழப்பு எளிதில் கண்ணில் படுவதில்லை.
3. புதிய அட்டைக்கு மாறும்படி அழைப்பு வரும், அல்லது குறிப்பிட்ட நாளில் அனைவரும் மாற்றப்படுவர்.
4. புள்ளிகள் புதிய திட்டத்துக்கு மாற்றப்பட்டு, பழைய அட்டை செயலிழக்கும்.

எடுத்துக்காட்டுகள்

அமெரிக்காவின் சேஸ் வங்கி 2020 செப்டம்பரில் ‘ஃப்ரீடம்’ அட்டைக்குப் புதிய விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்தி, ‘ஃப்ரீடம் ஃப்ளெக்ஸ்’ அட்டையை அறிமுகப்படுத்தியது. பழைய அட்டைதாரர்கள் அதையே தொடர முடிந்தது. புதிய அட்டை உணவகம், மருந்தகம் ஆகியவற்றில் 3 சதவீத வெகுமதி தந்தது. ஆனால் பழைய அட்டை விசா வலையமைப்பிலும், புதியது மாஸ்டர்கார்டு வலையமைப்பிலும் இயங்கின. அமெரிக்காவில் உள்ள காஸ்ட்கோ கடைகள் கடன் அட்டைகளில் விசாவை மட்டுமே ஏற்பதால், அங்கு பொருள் வாங்குவோருக்குப் பழைய அட்டையை வைத்துக்கொள்ளக் காரணம் இருந்தது.

இந்தியாவில் சிட்டி வங்கியின் நுகர்வோர் வங்கித் தொழிலை ஆக்சிஸ் வங்கி வாங்கியது. 2022 மார்ச் 30 அன்று அறிவிக்கப்பட்ட இந்த விற்பனை 2023 மார்ச் 1 அன்று நிறைவுற்றது. 2024 ஜூலையில் வாடிக்கையாளர் கணக்குகள் ஆக்சிஸ் அமைப்புக்கு மாற்றப்பட்டன. ‘பிரீமியர் மைல்ஸ்’ அட்டைக்கு ஈடாக ‘ஹொரைசன்’ அட்டையும், ‘பிரெஸ்டீஜ்’ அட்டைக்கு ஈடாக ‘ஒலிம்பஸ்’ அட்டையும் வழங்கப்பட்டன. சிட்டி ரிவார்ட்ஸ் அட்டையில் அதுவரை சேர்ந்திருந்த புள்ளிகள் காலாவதியாகாது என்றும், மாற்றத்துக்குப் பின் சேர்பவை மூன்று ஆண்டுகளுக்கே செல்லும் என்றும் அறிவிக்கப்பட்டது. இதனால் ஒரே வாடிக்கையாளரிடம் இரு வேறு ஆயுளுள்ள புள்ளிகள் இருக்கும் நிலை உருவானது.

இந்தியாவில் உள்ள பாதுகாப்பு

இந்திய ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட கடன் அட்டை நெறிமுறைகள் சில உரிமைகளை வரையறுத்தன.

• கட்டணங்களை மாற்றுவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும். மாற்றம் பாதகமாக இருந்தால், நிலுவையைச் செலுத்திவிட்டு, கூடுதல் கட்டணமின்றி அட்டையை ஒப்படைக்கலாம்.
• வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் அட்டையை உயர்தர வகைக்கு மாற்றிக் கட்டணம் விதித்தால், அதை வங்கி திரும்பப் பெறுவதோடு, அத்தொகையைப் போல் இரு மடங்கு அபராதமும் தர வேண்டும்.
• நிலுவை இல்லாத அட்டையை மூடக் கோரினால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குச் சேரும்.

புள்ளியின் மதிப்பு இதிலிருந்து வேறுபட்டது. அதை வங்கியே தன் விதிமுறைகளில் நிர்ணயிக்கிறது. அவ்விதிமுறைகளில், அதை மாற்றும் உரிமையையும் வங்கிகள் வழக்கமாகத் தமக்கே வைத்துக்கொள்கின்றன. எனவே புள்ளிகளை வங்கிச் சேமிப்பைப் போலக் கருத இயலாது.

கவனிக்க வேண்டியவை

மாற்ற அறிவிப்பு வந்தவுடன் புள்ளி இருப்பு, காலாவதி நாள், மாற்று விகிதம், புதிய ஆண்டுக் கட்டணம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மதிப்புக் குறையவிருந்தால், அதற்கு முன்பே புள்ளிகளைப் பயன்படுத்துவது நல்லது. அட்டை எண் மாறினால் மின்கட்டணம், காப்பீட்டுத் தவணை போன்ற தானியங்கிக் கட்டளைகளைப் புதிதாகப் பதிய வேண்டியிருக்கலாம்.

அட்டையை மூடுவதற்கு முன் கடன் வரம்பையும் கணக்கிட வேண்டும். தலா ஒரு லட்சம் ரூபாய் வரம்புள்ள இரு அட்டைகளில் மொத்தம் 40,000 ரூபாய் நிலுவை இருந்தால், பயன்பாட்டு அளவு 20 சதவீதம். அவற்றுள் நிலுவையில்லாத அட்டையை மூடினால் அது 40 சதவீதமாக உயரும். அதனால் கடன் மதிப்பெண் குறையக்கூடும்.