கோடையிலும் டெங்கு வருவது ஏன்?

டெங்கு என்றாலே ஐப்பசி, கார்த்திகை மழைதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் 2012-இல் தமிழகத்தை உலுக்கிய டெங்கு தலைகாட்டியது நல்ல கோடையில், மே மாதத்தில். அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த கடையநல்லூர் வட்டாரம் பெரிதும் அடிபட்டது. அந்த ஆண்டு மாநிலம் முழுவதும் 12,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெயில் கொளுத்தும் நாளில் கொசுவுக்குத் தண்ணீர் எங்கே கிடைத்தது?

வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிடும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைவிட, தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடவே விரும்பும். குழாயில் நாலைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊரில், குடம், ட்ரம், சிமென்ட் தொட்டி என்று எல்லாவற்றிலும் பிடித்து வைப்பார்கள். வறட்சி கூடினால் தேக்கி வைக்கும் நாட்களும் கூடும். அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தினமும் தண்ணீர் கொடுப்பதும் டெங்கு தடுப்பு வேலைதான்.

வெயில் கொசுவைக் கொன்றுவிடாதா என்று கேட்கலாம். வெட்டவெளியில் கடும் வெயிலும் வறண்ட காற்றும் அதன் ஆயுளைக் குறைக்கும். ஏடிஸோ வீட்டுக்குள் குடியிருக்கும் கொசு. கட்டிலுக்கு அடியிலும் கொடியில் தொங்கும் துணிகளுக்குப் பின்னாலும் பதுங்கிக்கொள்ளும். வெளியே அக்னி நட்சத்திரம் காய்ந்தாலும் அங்கே நிழல் உண்டு.

இந்த நோயில் வெப்பம் செய்யும் பெரிய வேலை வேறொன்று. அது கொசுவின் உடலுக்குள் நடக்கிறது. நோயாளியைக் கடித்த கொசு, உடனே அடுத்தவருக்கு நோயைக் கொடுத்துவிடாது. வைரஸ் அதன் குடலில் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பி வரை போய்ச் சேர வேண்டும். 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இதற்குப் பொதுவாக 8 முதல் 12 நாள் ஆகும். பாங்காக்கில் நடந்து 1987-இல் வெளியான ஓர் ஆய்வில், 30 டிகிரியில் 12 நாள் எடுத்துக்கொண்ட வைரஸ், 32 டிகிரியில் 7 நாளிலேயே தயாராகிவிட்டது. கொசுவின் ஆயுளே இரண்டு மூன்று வாரம்தான். பல கொசுக்கள் அதற்கும் முன்பே செத்துவிடும். 12 நாள் தேவைப்பட்டால், நோய் பரப்பும் தகுதி பெறுமுன்பே பெரும்பாலானவை போய்விடும். 7 நாள் போதுமென்றால் பிழைத்திருந்து கடிப்பவை வெகுவாகக் கூடும். அதற்காகச் சூடு ஏற ஏற நோயும் ஏறிக்கொண்டே போகும் என்று எண்ண வேண்டாம். ஏறத்தாழ 29 டிகிரியில்தான் டெங்கு மிக வேகமாகப் பரவும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. 35-ஐ நெருங்கினால் பரவல் தளர்ந்துவிடும். 18 டிகிரிக்குக் கீழே பரவல் அநேகமாக நின்றுவிடும். மலைநாடுகளுக்கு நெடுங்காலம் காவலாக இருந்தது அந்தக் குளிர்தான். இப்போது அந்தக் காவல் தளர்கிறது. 2004-இல்தான் முதல் டெங்கு நோயாளியைக் கண்ட நேபாளத்தில், 2022-இல் 54,000-க்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்தது. அதில் பெரும்பங்கு, கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேல் உள்ள காத்மாண்டு பள்ளத்தாக்கில்.

சரி, மழை என்ன செய்கிறது? மாடியில் கிடக்கும் பழைய டயர், கொட்டாங்குச்சி, கொல்லையில் விட்ட ஆட்டுக்கல் என்று வீட்டுக்கு வெளியேயும் தொட்டில்களைக் கட்டித் தருகிறது. கொட்டித் தீர்க்கும் மழையில் இவை வழிந்து, கொசுப் புழுக்கள் அடித்துச் செல்லப்படுவதும் உண்டு. விட்டு விட்டுப் பெய்யும் மழைதான் கொசுவுக்குத் தோது. முட்டைகளை எந்த மழையும் அவ்வளவு எளிதில் அகற்றாது. ஏடிஸ் தன் முட்டைகளை நீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அவை மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். வைகாசியில் இட்ட முட்டை, ஐப்பசி மழை தொட்டதும் பொரியலாம்.

பொரிந்த புழு கொசுவாக ஏழு முதல் பத்து நாள். அது ஒரு நோயாளியைக் கடித்தபின் வைரஸ் முற்ற இன்னுமொரு பத்து நாள். அந்தக் கொசு கடித்தவருக்குக் காய்ச்சல் வர 4 முதல் 10 நாள். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு மாதம். மழை ஓய்ந்து, வெயிலடித்து, எல்லோரும் மறந்திருக்கும் நேரத்தில் மருத்துவமனைகள் நிரம்புவதற்கு இதுதான் காரணம். அப்போது தெருவில் அடிக்கும் புகை மருந்து பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். ட்ரம்மில் நெளியும் புழுவையும் சுவரில் ஒட்டிய முட்டையையும் தொடாது.

எனவே மழை விட்ட முதல் வாரத்திலேயே வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். வேண்டாத பொருட்களில் நிற்கும் நீரைக் கவிழ்த்துவிடுங்கள். தண்ணீர் பிடித்து வைக்கும் பாத்திரங்களைக் கோடையானாலும் மழைக்காலமானாலும் வாரம் ஒருமுறை காலி செய்து, உட்பக்கத்தை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். தேய்க்காமல் வெறுமனே கொட்டினால் முட்டை அங்கேயேதான் இருக்கும்.