வாடகை வீட்டுக்கு மேலே ட்ரோன்

புதுச்சேரியின் திருபுவனை, மதகடிப்பட்டுப் பக்கம் 'வீடு வாடகைக்கு' என்று அட்டை எழுதித் தொங்கவிடுவது குறைந்துவிட்டது. தொழிற்பேட்டைக்கு வருகிறவர்களையும் கல்லூரிப் பிள்ளைகளையும் இழுக்க இப்போது ரீல்ஸ். கல்யாணத்துக்குப் படமெடுக்க வந்தவரிடமே, "மேலேருந்து ஒரு ஷாட் போட்டுக் குடுப்பா" என்கிறார் வீட்டுக்காரர். "அதுக்கென்னண்ணே" என்று ட்ரோன் ஏறிவிடுகிறது. அதைப் பறக்கவிட என்ன காகிதம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டும். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்ரோனுக்குத் தனி அடையாள எண்ணும் மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். அதில் இரண்டு கிலோ வரையுள்ளதைப் பொழுதுபோக்காக இயக்கினால், இயக்குபவருக்கான ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. காசுக்கு விளம்பரம் எடுத்தால் தேவை. 'சின்ன ட்ரோன்தானே' என்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். விதியை மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே மூன்று காகிதத்தையும் வாங்கிப் பாருங்கள். 'அப்புறம் அனுப்புறேன்' என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

இடமும் முக்கியம். லாஸ்பேட்டை விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் எந்த உயரத்துக்கும் அனுமதி வேண்டும். 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்கு மேல் போனால் வேண்டும். வில்லியனூர்க்காரர்களுக்கு இது பொருந்தும். திருபுவனை அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. பெரிய தலைவர்கள் வரும்போது ஒரு பகுதியை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக, அதாவது ட்ரோன் பறக்கத் தடையுள்ள பகுதியாக, அறிவிக்கலாம். இந்த மண்டலங்களைக் காட்டும் 'டிஜிட்டல் ஸ்கை' இணைய வரைபடத்தைப் படமெடுக்கும் நாளன்றே பார்க்க வேண்டும். போன வாரம் பார்த்தது உதவாது.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. குடியிருப்பவர் காலி செய்வதற்கு முன்பே, அடுத்தவருக்குக் காட்ட வீட்டுக்குள் கேமராவோடு நுழைகிறார்கள். வீடு உங்கள் பெயரில் இருக்கலாம். வாடகை கொடுத்து அதில் ஒரு குடும்பம் இருக்கும்வரை, அவர்கள் சம்மதமில்லாமல் சமையலறையையும் படுக்கையறையையும் படமெடுக்க உங்களுக்கு உரிமையில்லை. சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்: எந்த நாள், எந்த அறை, எங்கே பதிவேற்றம் என்று.

மேலிருந்து எடுக்கும்போது அண்டை வீட்டுக்காரரும் மாட்டுகிறார். நம் கிராமங்களில் கொல்லையில் தட்டி கட்டிய, கூரையில்லாத குளியல் மறைப்புகள் இன்னும் இருக்கின்றன. தெருவிலிருந்து மறைக்கும் தட்டி வானத்திலிருந்து மறைக்காது. அப்படி ஒரு பெண்ணின் அந்தரங்கத்தைப் பார்த்தாலோ படமெடுத்தாலோ பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவு பாயும்; முதல் குற்றத்துக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. கொடியில் காயும் துணி படத்தில் விழுந்ததற்கெல்லாம் இந்தப் பிரிவு வராது. புகாரை ஊதிப் பெருக்கினால் உண்மையான புகாரும் கெட்டுப்போகும்.

பாதிக்கப்பட்டவர்கள் கோபத்தில் இரண்டு காரியம் செய்கிறார்கள். ஒன்று, கல்லெறிந்து ட்ரோனை வீழ்த்துவது. அப்புறம் சேத வழக்கு உங்கள் மேல் வரும். மற்றொன்று, அங்கேயே மிரட்டி வீடியோவை அழிக்க வைப்பது. அழிக்க வைக்காதீர்கள், சாட்சியம் போய்விடும். ட்ரோன் பறப்பதை உங்கள் போனில் எடுங்கள், நேரத்தைக் குறியுங்கள், பதிவேற்றிய பக்கத்தின் முகவரியையும் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். மூலப் பதிவு உள்ள போனை மாற்றிவிடவும் வேண்டாம்.

பிறகு காவல் நிலையம். 'இது சைபர் கேஸ், அங்கே போங்க', 'இது எங்க எல்லை இல்ல, தமிழ்நாடு' என்று அலையவிடுவார்கள். விழுப்புரம் மாவட்டமும் புதுச்சேரியும் வரப்புக்கு வரப்பு கலந்து கிடக்கும் ஊரில் இந்தச் சாக்குக்குப் பஞ்சமே இல்லை. எல்லை எதுவானாலும், பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்தின் தகவலைப் பதிவு செய்யச் சொல்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவு. வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். மறுத்தால் அதே புகாரைக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்; தபால் ரசீதைத் தொலைக்காதீர்கள். அதற்கும் அசையவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்க அந்த ரசீதுதான் கேட்கப்படும். வீடியோ இணையத்தில் இருந்தால் cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். அந்த வீடியோவைத் திருடிப் போலி வாடகை விளம்பரம் போட்டு யாராவது அட்வான்ஸ் கறந்திருந்தால், தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

வக்கீலுக்குக் காசில்லை என்று விட்டுவிட வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையத்தில் பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச உதவி உண்டு, எண் 15100. வீடியோவை அழிக்க வைத்துவிட்டுப் போனால் மட்டும் அவர்களாலும் அதிகம் செய்ய முடியாது.