செக்கு இழுத்தவர் மண்ணெண்ணெய் விற்றார்! ஜெயிலை விட்டு வந்த வ.உ.சி. சென்னையில் பட்ட பாடு

சென்னை கிண்டி காந்தி மண்டபத்துக்குப் போனவர்கள் அந்தச் செக்கைப் பார்த்திருப்பார்கள். கோவை ஜெயிலில் வ.உ.சிதம்பரம் பிள்ளை இழுத்த செக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட அந்தக் கதை தெரியும்.

விடுதலையான பிறகு அவர் மளிகையும் மண்ணெண்ணெயும் விற்றுப் பிழைத்ததும் இதே சென்னையில்தான். அது பலருக்குத் தெரியாது.

1908-ம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி கைது. ராஜதுரோக வழக்கில் 2 ஆயுள் தண்டனை. அதாவது 40 வருஷம்! அப்பீலில் குறைந்தது. 1912-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி கண்ணனூர் ஜெயில் கதவு திறந்தது.

வெளியே கூட்டம் இல்லை. கோஷம் இல்லை. விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அதில் ஒருவர், கூடவே தண்டனை அடைந்த சுப்பிரமணிய சிவா. ஜெயிலில் அவரைத் தொழுநோய் பிடித்துக்கொண்டது. "தொத்து வியாதி" என்று பின்னாளில் ரெயிலிலும் ஏற விடவில்லை. கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போனார்.

சன்னது போச்சு!

வ.உ.சி. வக்கீல். ஆனால் தண்டனையோடு சன்னதும் பறிபோய்விட்டது. கோர்ட்டு வாசலை மிதிக்க முடியாது. கொழும்புக்குக் கப்பல் விட்ட கம்பெனியும் 1911-லேயே முடிந்துபோன கதை. பெண்டாட்டி பிள்ளைகளோடு சென்னைக்கு வந்தவர் கடை போட்டார். கப்பலோட்டியவருக்கு கல்லாப்பெட்டி ஒத்து வருமா? வரவில்லை.

347 ரூபாய் 12 அணா

தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள் இவருக்காகப் பணம் திரட்டி காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். 1915-ம் ஆண்டு ஏப்ரலில் காந்தி சென்னை வந்து தம்பு செட்டித் தெருவில் தங்கினார். மயிலாப்பூரில் இருந்த வ.உ.சி. பார்க்க வருவதாகக் கடிதம் எழுதினார். எதில் வருவது? விடிகாலை டிராம் ஓட ஆரம்பித்ததும் ஏறி, 6 மணிக்குள் வந்துவிடுவதாக எழுதினார். கப்பல் விட்ட மனுஷனுக்கு டிராமை விட்டால் வேறு வழி இல்லை.

பணம் உடனே கைக்கு வந்ததா? அதுதான் இல்லை. யார் கொடுத்தது, எவ்வளவு என்று காந்திக்கு நினைவு இல்லை. கடிதத்துக்கு மேல் கடிதம். மாதக்கணக்கில் இழுத்து 1916 தொடக்கத்தில்தான் வந்தது. 347 ரூபாய் 12 அணா. கஷ்டம் இல்லாதவர் அந்த அணாவுக்காக இத்தனை கடிதம் எழுதுவாரா?

இவ்வளவுக்கு நடுவிலும் 1917-ல் திருக்குறள் மணக்குடவர் உரையை அச்சுப் போட்டார். அது அவர் குணம்.

வெள்ளைக்கார நீதிபதி

சன்னதைத் திரும்ப வாங்கிக் கொடுத்தவர் ஒரு வெள்ளைக்காரர். நீதிபதி வாலஸ். அந்த நன்றிக்குக் கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. கோவில்பட்டியில் மறுபடி கறுப்புக் கோட்டு போட்டார். ஆனால் பழைய வருமானம் திரும்பவில்லை.

1936-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி தூத்துக்குடியில் காலமானார். அவர் எழுதி வைத்த உயிலில் வீட்டு வாடகை பாக்கி இருந்தது. ஜவுளிக்கடை பாக்கி இருந்தது. எண்ணெய்க்கடை பாக்கியும் இருந்தது.