உங்களுக்குத் தெரியுமா? எலும்பு ஸ்கேனில் சிக்கும் இதய நோய்

● உருக்குலைந்த புரதமான அமிலாய்டு இதயத் தசையில் படிந்தால், சுவர் தடித்து விறைக்கும். இதயம் தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளத் திணறும். மூச்சு வாங்கும், கால் வீங்கும்.

● சுவர் தடித்தால் ஈசிஜி அலைகள் உயர்ந்திருக்க வேண்டும். ஆனால் இந்நோயாளிகள் பலருக்கு அவை குட்டையாகவே இருக்கும். எக்கோவில் 12 மில்லிமீட்டரைத் தாண்டிய சுவர், ஈசிஜியில் தாழ்ந்த அலை என்ற இந்த முரண் மருத்துவருக்கு நல்ல துப்பு.

● எலும்பு ஸ்கேனுக்காக ஊசியில் செலுத்தும் டெக்னீசியம்-99எம் கலந்த மருந்தை, டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் அமிலாய்டாகப் படிந்த இதயமும் ஈர்த்துக்கொள்ளும். படத்தில் இதயம் விலா எலும்பளவு ஒளிர்ந்தால் 2ஆம் நிலை. அதை விஞ்சினால் 3ஆம் நிலை. டெக்னீசியத்தின் கதிரியக்கம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும்.

● முன்பு இதயத் தசையைக் கிள்ளியெடுத்துச் சோதித்தே நோயை உறுதிசெய்தார்கள். 2 அல்லது 3ஆம் நிலை ஒளிர்வு இருந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் ஒற்றை வகைப் புரதம் இல்லையென்றால், பெரும்பாலும் அந்தச் சோதனை வேண்டாம் என்று 2016இல் ‘சர்க்குலேஷன்’ இதழில் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது.

● ரத்தப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது. எலும்பு மஜ்ஜை அணுக்கள் சுரக்கும் அந்த ஒற்றை வகைப் புரதத்தால் வரும் ‘ஏஎல்’ வகையிலும் சில நேரம் இதயம் ஒளிரும். அதற்குத் தேவை கீமோதெரபி, அதுவும் தாமதமில்லாமல். டிரான்ஸ்தைரெட்டின் வகைக்கோ டஃபாமிடிஸ் போன்ற மாத்திரைகள் உண்டு; டஃபாமிடிஸுக்கு அமெரிக்கா 2019இல் அனுமதி வழங்கியது.