மரத்தில் இருந்து விழுந்தவரை உடனே தூக்கலாமா?

தென்னை மரத்தில் ஏறியவர் கை வழுக்கிக் கீழே விழுகிறார். அக்கம்பக்கத்தார் ஓடி வருகிறார்கள். ஒருவர் கையைப் பிடிக்கிறார். இன்னொருவர் காலைப் பிடிக்கிறார். மூட்டையைப் போலத் தூக்கி, ஆட்டோவில் உட்கார வைக்கிறார்கள்.

உதவி செய்யும் எண்ணம் நல்லதுதான். ஆனால், கை-கால் விளங்காமல் போவதற்கு அதுவே காரணம் ஆகிவிடலாம். ஏன்?

முதுகெலும்பு என்பது ஒரே எலும்பு அல்ல. குழந்தை பிறக்கும்போது 33 எலும்புகள் சங்கிலி போலக் கோத்து இருக்கின்றன. வளர வளர, அடியில் உள்ள 9 எலும்புகள் ஒட்டிக்கொண்டு, இரண்டே எலும்பு ஆகிவிடுகின்றன. ஆகவே, பெரியவர்களுக்கு 26.

ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான்!

கழுத்தில் இருப்பவை 7. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்திலும் ஏழுதான்! ஒவ்வொன்றும் நீளமாக இருக்கிறது, அவ்வளவே.

முதல் எலும்பு மோதிரம் போன்றது. மண்டை ஓடு இதன் மேல்தான் உட்கார்ந்து இருக்கிறது. வானத்தைத் தாங்கியதாகக் கிரேக்கர் கதை சொல்லும் "அட்லஸ்" என்ற ராட்சதனின் பெயரே இதற்கு. "ஆமாம்" என்று தலையாட்டும்போது, மண்டை ஓடு இதன் மேல் அசைகிறது. "இல்லை" என்று தலையாட்டினால், 2-வது எலும்பில் உள்ள முளையைச் சுற்றி முதல் எலும்பு திரும்புகிறது.

தலையைக் குனிந்து, பிடரியைத் தடவிப் பாருங்கள். சட்டைக் காலர் படும் இடத்தில் ஒரு மேடு தட்டுப்படும். அநேகமாக அதுதான் 7-வது எலும்பு.

மார்புக்குப் பின்னால் 12. ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி விலா எலும்பு. இடுப்பில் 5. உடம்பின் பாரத்தைச் சுமப்பதால், இவை பெருத்து இருக்கின்றன.

எலும்புகளுக்கு நடுவே மெத்தை போன்ற "டிஸ்க்" உண்டு. பகல் முழுவதும் நின்று நடமாடினால் இது அமுங்கும். காலையில் இருந்த உயரத்தில், மாலைக்குள் ஒரு சென்டிமீட்டர் போலக் குறைந்துவிடுகிறது!

உள்ளே ஓடும் வடம்

கழுத்திலும் முதுகிலும் இடுப்பிலும் உள்ள எலும்புகளில் துவாரம் உண்டு. அவை ஒன்றின் கீழ் ஒன்றாகச் சேர்ந்து குழாய் ஆகின்றன. அதற்குள் மூளையில் இருந்து தண்டுவடம் இறங்குகிறது. சுண்டுவிரல் பருமன்தான். "காலைத் தூக்கு" என்று மூளை இடும் உத்தரவு இதன் வழியாகத்தான் போகிறது.

இடுப்பின் முதல் அல்லது 2-வது எலும்போடு வடம் முடிந்துவிடுகிறது. பிரசவ ஆபரேஷனுக்கு முதுகில் ஊசி போடும்போது, "வடம் அறுந்துவிடுமோ" என்று தாய்மார்கள் பயப்படுவது உண்டு. பயம் வேண்டாம். வடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது.

கழுத்தின் நடுப்பகுதியில் இருந்து கிளம்பும் நரம்புகள்தான் மூச்சு விடும் தசையை இயக்குகின்றன. அதற்கு மேலே வடம் நசுங்கினால், மூச்சே நின்றுவிடும். கழுத்தின் அடியில் நசுங்கினால், கை-கால் போகும். முதுகில் நசுங்கினால், கால்கள் போகும்.

மரத்தில் இருந்து விழுந்தவருக்கு எலும்பு மட்டும் முறிந்து, வடம் தப்பி இருக்கலாம். தூக்கி மடக்கும்போது முறிந்த எலும்பு நகர்ந்து, வடத்தை நசுக்கக்கூடும்.

என்ன செய்வது?

மூச்சு வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 108-க்குப் போன் செய்ய வேண்டும். ஒருவர் தலைமாட்டில் அமர்ந்து, தலை அசையாமல் இரு கைகளாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். உட்கார வைக்கக் கூடாது. தண்ணீர் புகட்டக் கூடாது.

தீயோ, மின்சாரக் கம்பியோ பக்கத்தில் இருந்தால் மட்டுமே இடம் மாற்றலாம். அப்போதும் தலை, கழுத்து, இடுப்பு மூன்றும் ஒரே நேராக இருக்கும்படி, பலர் சேர்ந்து நகர்த்த வேண்டும்.

"ஆட்டோதான் நிற்கிறதே! ஏன் தாமதம்?" என்று யாராவது சத்தம் போடுவார்கள். ஆட்டோ நிற்கட்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை, தலையைப் பிடித்த கையை எடுக்கக் கூடாது.